கர்ணனுக்கு நாடா தேவையில்லை, உனக்குத் தேவை

நெல்லிக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. தங்கக் கலர் அடித்த மார்க்கவசம் ஒரு பக்கமாகச் சரிந்து இடுப்பில் இடிக்கிறது. தோள் கவசம் ஒன்று முதுகுப் பக்கம் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. வலது கால் கவசம் கணுக்காலில் வந்து குந்தியிருக்கிறது. (கர்ணனிடம் பேசும்போது குந்தி என்ற சொல்லை எடுக்கக் கூடாதுதான், பொறுத்துக்கொள்.) இத்தனைக்கும் நடுவில் நீ மட்டும் மீசையை முறுக்கியபடி நிற்கிறாய். உன் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, சண்டை முடிஞ்சு எடுத்த படமா?" என்றாள். முதல் ஒத்திகை என்று சொன்னேன். அப்புறம் அவள் இட்லி மாவைக் கரைத்தபடியே வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

படத்தோடு நீ கேட்டிருந்த கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. கர்ணனின் கவசம் அவனோடு கூடப் பிறந்தது, அதில் கயிறும் வாரும் தெரிந்தால் சனங்கள் சிரிப்பார்களே, எதுவும் வெளியே தெரியாமல் உடம்பில் ஒட்டவைக்க வழி சொல்லுங்கள் மாமா என்கிறாய். கேள்வியின் முதல் பாதி சரி, வெளியே தெரியக் கூடாதுதான். இரண்டாம் பாதிதான் தப்பு. ஒட்டவைக்கிற பேச்சே கூடாது.

மகாபாரதத்தில் எத்தனையோ பேர் கவசம் போட்டுக்கொண்டு சண்டை போட்டார்கள். எல்லாருக்கும் யாராவது கட்டிவிட வேண்டியிருந்தது. பதினான்காம் நாள் போரில் துரியோதனனுக்குத் துரோணரே மந்திரம் சொல்லித் தன் கையால் கட்டிவிடுகிறார். கட்டிவிட ஆள் தேவைப்படாதவன் கர்ணன் ஒருவன்தான். ஆனால் அதைக் கழற்றுகிற நாள் வந்தபோது என்ன ஆயிற்று? கத்தியை எடுத்து உடம்பிலிருந்து அறுத்துக் கொடுத்தான். வைகர்த்தனன் என்ற பெயரே அதனால் வந்ததுதான். ஒட்டினதைக் கழற்றுவது அப்படித்தான் இருக்கும். சூரியன் பிள்ளைக்கே அந்தக் கதி என்றால், இரண்டு பக்கமும் பசையுள்ள டேப்பை நெஞ்சில் ஒட்டிக்கொள்ளப் போகிற உனக்கு என்ன கதி என்று யோசி. நெஞ்சு முடியையும் யோசி.

"மாமா, தோலுக்கென்றே பசை விற்கிறார்கள், சினிமாவில் தாடி ஒட்டுகிறார்களே" என்பாய். தாடி என்ன எடை? ஊதினால் பறக்கும். உன் மார்க்கவசத்தை நான் கையில் வாங்கிப் பார்க்கவில்லை, ஆனால் யோகா பாயை இரண்டு அடுக்கு ஒட்டி, மேலே அட்டைப் பூ வேலை, அதற்கும் மேலே மூன்று கை பெயின்ட் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பாரத்தைத் தோலின் மேல் தொங்கவிட்டால் தோல்தான் இழுபடும். அதுவும் நெய்வேலி வெயிலில், மேடை விளக்குக்கு அடியில், இரண்டாவது காட்சிக்குள் வியர்வை வந்து பசையைக் கழுவிவிடும். பசை விட்டால் கவசம் விழும், விடாவிட்டால் தோல் உரியும். எது நல்லது என்று நீயே சொல்.

நம் பக்கத்தில் கூத்துக்காரர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறாயா? வேஷம் போடுவது என்று நீயும் நானும் சொல்கிறோம். அவர்கள் வாயில் 'வேஷம் கட்டுவது' என்றுதான் வரும். துரியோதனன் யார் கட்டுகிறார், கர்ணன் யார் கட்டுகிறார் என்றுதான் கேட்பார்கள். இது வெறும் பேச்சு வழக்கு என்று நினைக்காதே. ராஜ வேஷத்துக்கு உரிய கிரீடம், தோளில் நிற்கிற புஜக்கட்டை, மார்பில் பதக்கம், கன்னத்தோரம் ஓர் அணி, இவை எல்லாம் மரத்தில் செதுக்கினவை. கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் பதித்துப் பளபளவென்று இருக்கும். மொத்தத்துக்கும் பெயர் கட்டை. கட்டையைக் கட்டி ஆடுவதால் கட்டை வேஷம். காஞ்சிபுரத்துப் பக்கம் பெ. ராஜகோபாலும் நெதர்லாந்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஹன்னா டி புருயினும் சேர்ந்து 1990இல் சங்கம் அமைத்தபோது, தெருக்கூத்து என்ற பெயரை விட்டுவிட்டுக் கட்டைக்கூத்து என்ற பெயரைத்தான் வைத்தார்கள். தெருவில் ஆடுவது என்பதைவிடக் கட்டை கட்டி ஆடுவது என்பதுதான் அந்தக் கலைக்கு மரியாதை என்பது அவர்கள் கட்சி. புரிசைப் பக்கத்துக் கூத்துக்காரர்கள் தெருக்கூத்து என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அந்த வழக்கில் நான் தலையிடவில்லை. எந்தப் பெயர் வைத்தாலும் கட்டுகிற வேலை ஒன்றுதான்.

அந்தக் கட்டைக்கு எடுக்கிற மரம் எது தெரியுமா? கலியாண முருங்கை. தேக்கு இல்லை, பலா இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவுக்கா பஞ்சம்? ஆனாலும் அதைத் தொட மாட்டார்கள். கலியாண முருங்கை நெட்டி மாதிரி லேசு, உளிக்கு இளகிக் கொடுக்கும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆட வேண்டியவன் முதலில் பார்ப்பது எடையைத்தான், அழகு அப்புறம். நீ என்ன செய்தாய்? அழகை முழுசாக முடித்துவிட்டு, இப்போது எடைக்கு வழி கேட்டு எனக்கு எழுதுகிறாய். பரவாயில்லை, உன் அம்மாவும் சின்ன வயதில் அப்படித்தான். கோலத்துக்குக் கலர் பொடி வாங்கி வைத்துவிட்டுப் புள்ளி எத்தனை என்று கேட்பாள்.

வேஷக் கொட்டகையில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தால் நீ கேட்டதற்கெல்லாம் பதில் கிடைத்துவிடும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிற மாதங்களில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் எங்காவது ஓர் ஊரில் கூத்து இருந்துகொண்டே இருக்கும். முகத்துக்கு அரிதாரம் பூசுவது அவரவர் கை வேலை. கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு பூசுவார்கள். ஆனால் கட்டை கட்டும்போது இன்னொருவர் வந்துவிடுவார். உடம்பில் முதலில் துணி ஏறும், பிறகுதான் கட்டை. இடுப்பில் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டி மெத்தையாக்குவார்கள். தலையில் துணி இறுக்கிய பிறகே கிரீடம். கட்டுகிறவர் முடிச்சை இழுத்து நிறுத்தி, "ஆடிப் பாரு" என்பார். இவர் இரண்டு சுற்று சுற்றுவார், தோளைக் குலுக்குவார். அவர் மறுபடி அவிழ்த்துக் கட்டுவார். இது முடிந்த பிறகுதான் திரைக்குப் பின்னால் போய் நிற்பது. நீ கவசத்தை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் அசையாமல் நின்று பார்த்தாய். அசையாமல் நின்றால் பிள்ளையார் கோயில் தூணில் கட்டிய வாழைமரம்கூட விழாது.

சரி, கூத்தை விடு. நீ தினமும் கவசம் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாய், அது உனக்கே உறைக்கவில்லை.

பாய்லர் பக்கம் உயரத்தில் ஏறும்போது மாட்டிக்கொள்கிறாயே, சேஃப்டி பெல்ட். அதன் வார்கள் எங்கே போகின்றன என்று இன்றைக்கு ஒரு முறை நிதானமாகப் பார். இரண்டு தோளின் மேல் ஏறி, நெஞ்சில் ஒரு குறுக்கு, முதுகில் ஒரு குறுக்கு, கீழே தொடையைச் சுற்றி இரண்டு வளையம். வயிற்றை நம்பி ஒன்றும் கிடையாது. எலும்பு இருக்கிற இடமாகப் பார்த்துப் பாரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். வார் மூன்று விரல் அகலம். அதே வேலையை ஒரு நைலான் கயிறு செய்யாதா? தாங்கும், அறுந்து போகாது. ஆனால் உன்னை அறுத்துவிடும். தலையில் போடுகிற ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே பார். ஓடு உன் தலையைத் தொடவே தொடாது. உள்ளே இருக்கிற பட்டை வலைதான் தலையில் உட்கார்கிறது, ஓடு அதன் மேல் தொங்குகிறது. உன் கர்ணன் கிரீடம் நெற்றியில் வந்து மூக்கை இடிக்கிறது என்று புலம்பினாயே, அதற்குப் பதில் தினமும் உன் தலைமேலேயே இருந்திருக்கிறது. பழைய ஹெல்மெட்டின் உள்பட்டை ஒன்று கிடைத்தால் கிரீடத்துக்குள் தைத்துவிடு. கிடைக்காவிட்டால் நம் பாட்டிமார் வழி: சும்மாடு. துணியை முறுக்கி வளையமாக்கி, அதன்மேல் கிரீடத்தை உட்காரவை. குடமே உட்காருகிறது, கிரீடம் உட்காராதா? தாடைக்குக் கீழே ஒரு மெல்லிய நாடா, அவ்வளவுதான். கழுத்தில் மட்டும் உருவாஞ்சுருக்குப் போட்டுத் தொலைக்காதே. எவனாவது கிரீடத்தைத் தட்டிவிட்டால் அது இறுகும், அவிழாது.

இனி உன் மார்க்கவசத்துக்கு வருகிறேன். வார் தெரியக் கூடாது என்றாய் அல்லவா? ஐரோப்பாவில் இரும்புத் தகடு போட்டுக்கொண்டு சண்டை போட்ட காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில், இதற்கு நல்ல வழி வைத்திருந்தார்கள். முழுக் கவசம் இருபது, இருபத்தைந்து கிலோ. அதில் கைத்தகடு போன்றவற்றை உடம்பில் கட்டவில்லை, உள்ளே போட்ட கனமான மெத்தைச் சட்டையில் கட்டினார்கள். சட்டையில் ஆங்காங்கே மெழுகு தேய்த்த நாடாக்களைக் கோத்து வைத்திருப்பார்கள், அவை தகட்டின் துளைகளில் நுழைந்து முடிச்சாகும். பாரத்தைச் சட்டை வாங்கிக்கொண்டு உடம்பு முழுக்கப் பரப்பிவிடும். தையற்காரன்தான் பாதிக் கவசத்தைச் செய்தான் என்று சொல்லலாம். ஜப்பானியச் சாமுராய் இன்னொரு தந்திரம் செய்தான். மார்க்கவசத்தின் மேல் இடுப்பில் ஒரு துணிக் கச்சையை இறுக்கிக் கட்டிவிடுவான், தோளில் தொங்கின பாரத்தில் பெரும்பங்கு இடுப்பெலும்புக்குப் போய்விடும். நம் பெண்கள் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்ததும் அதே எலும்பில்தான்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. உன் தோல் நிறத்துக்கு நெருக்கமான கை வைத்த பருத்தி பனியன் ஒன்று வாங்கு. உடம்போடு பிடிக்கிற அளவாகப் பார். நைலான் கலந்தது வேண்டாம், வியர்வையை உறிஞ்சாது. தோள்மேட்டில் இரண்டு பக்கமும் பழைய ஜீன்ஸ் துணியை நாலு மடிப்பாக மடித்துத் தைத்துக்கொள். அதுதான் உன் மெத்தை. கவசத்தின் உள்பக்கம் வார்களைப் பொருத்திவிட்டால் எல்லாமே உள்ளுக்குள் முடிந்துவிடும். பார்க்கிறவனுக்குத் தோலும் தங்கமும்தான் தெரியும், கூடப் பிறந்த மாதிரியே இருக்கும்.

நீ அடுத்துச் செய்யப்போகிற தப்பு எனக்கு இப்போதே தெரிகிறது. யோகா பாயில் ஆணியால் ஓட்டை போட்டுக் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போடுவாய். இரண்டாவது தடவை கை தூக்கும்போது ஓட்டை கிழிந்து கயிறு வெளியே வந்துவிடும். இழுவிசை ஒரு புள்ளியில் விழக் கூடாது. உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ரெக்ஸின் துண்டு ஒன்றை ஒட்டி, வாரை அதன்மேல் வைத்துத் தைத்து, அப்புறம் ஒட்டு. உன் பசை டியூபுக்கு இதுதான் வேலை. பசையைப் பாயில் தேய், உடம்பில் தேய்க்காதே. செருப்பு தைக்கிறவரிடம் கொண்டுபோனால் ரிவிட் அடித்துத் தருவார், ரிவிட்டுக்கு அடியில் வாஷர் போடச் சொல். அவரைக் கொஞ்சம் பேசவும் விடு. தோல் வாரை எங்கே வைத்தால் கிழியும் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி உன் இன்ஜினியர் கூட்டாளிகள் எவருக்கும் தெரியாது.

எவ்வளவு இறுக்குவது? நீ போலீஸ் வேலைக்கு ஓடின வருஷம் நினைவிருக்கிறதா? மார்பளவு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்து விரித்தால் இன்னும் 5 வேண்டும் என்று அளந்தார்கள். அந்த ஐந்துக்காக மொட்டைமாடியில் மூச்சுப் பிடித்தாயே. அந்த 5 சென்டிமீட்டரைக் கவசத்துக்குள் வை. நீ வசனம் பேசப்போகிறவன், அதுவும் கர்ணன், முழு மூச்சை இழுத்துப் பேச வேண்டியவன். வயிற்றை எக்கிக்கொண்டு வாரைப் பூட்டினால் "நண்பா துரியோதனா" என்பதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். ஆகவே மூச்சை முழுக்க இழுத்து நிறுத்திக்கொண்டு பக்க வாரைக் கட்டு. மூச்சை விட்டதும் லூசாகத் தெரியும், தெரியட்டும். பக்கவாட்டு வாரில் நாலு விரல் நீளம் மட்டும் அகலமான எலாஸ்டிக் சேர்த்துத் தைத்தால் அது விரிந்து சுருங்கும்.

எலாஸ்டிக் என்றதும் துள்ளாதே. எல்லா இடத்திலும் எலாஸ்டிக் போட்டுவிடலாம் என்று உடனே உனக்குத் தோன்றும். பாரம் தொங்குகிற இடத்தில் எலாஸ்டிக் போட்டால் நீ நடக்கும்போது கவசம் தனியாக ஒரு நடை நடக்கும். நீ நின்ற பிறகும் அது இரண்டு தடவை குதிக்கும். தொங்குகிற இடத்தில் வாரும் நாடாவும், உடம்பு பருத்துச் சிறுக்கிற இடத்தில் மட்டும் எலாஸ்டிக். புஜம், கெண்டைக்கால், விலா. வேறெங்கும் வேண்டாம்.

அந்தக் கால் கவசம் ஏன் கணுக்காலுக்கு வந்தது? உன் கால் ஒரு கூம்பு, மேலே பருமன், கீழே சிறுத்தது. கெண்டைச் சதையின் நடுவில் கட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் அது சிறுத்த பக்கம்தான் வழுக்கும். நீ இன்னும் இறுக்குவாய், கால் மரத்துப்போகும், அப்போதும் வழுக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, சதை தொடங்குவதற்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது பார், அங்கே கட்டு. சதையே கீழே நின்று தாங்கும். சலங்கை கட்டுகிறவர்கள் காலில் முதலில் துணியைச் சுற்றுவதையும் நினைவில் வை, துணி இருந்தால் வழுக்காது, உரசாது. கைக்கவசமும் இதே கதைதான். அதைப் புஜத்தில் இறுக்காதே, தோள் மெத்தையிலிருந்து ஒரு நாடாவில் தொங்கவிடு. தொடையில் ஏதாவது தகடு வைத்திருந்தால் இடுப்புக் கச்சையிலிருந்து தொங்கட்டும். மேலே இருப்பது கீழே இருப்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூட்டுக் குடும்பம் மாதிரி.

வெல்க்ரோ பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் கேட்பாய். அதைக் கண்டுபிடித்த கதை தெரியுமா? ஸ்விட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்று ஒரு இன்ஜினியர். 1941இல் நாயோடு காட்டில் நடந்துவிட்டு வந்தபோது நாயின் மேலும் துணியிலும் ஒட்டியிருந்த முள்விதைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார், நுனியில் கொக்கி கொக்கியாக இருந்தது. அதிலிருந்து வந்ததுதான். நாமும் கரும்புக் கொல்லை வரப்பில் நடந்து, வேட்டி நிறைய நாயுருவியோடு வீட்டுக்கு வந்திருக்கிறோம். பிய்த்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனோம், அதுதான் வித்தியாசம். வெல்க்ரோ நல்ல பொருள்தான், குணம் தெரிந்து வைத்தால். ஒன்றன்மேல் ஒன்று படுத்த வாக்கில் இழுத்தால் மாடு இழுத்தாலும் வராது. ஓரத்தைப் பிடித்து உரித்தால் குழந்தை உரித்துவிடும். உன் தோள் கவசத்தில் அதை உரிகிற பக்கமாக வைத்திருக்கிறாய், படத்திலேயே தெரிகிறது. கை தூக்கும்போதெல்லாம் நீயே அதை உரித்துக்கொண்டிருந்தாய். இன்னொன்று, அதன் சத்தம். குந்தி வந்து மகனே என்று கூப்பிட்டு அரங்கமே அமைதியாக இருக்கும்போது உன் அக்குளிலிருந்து 'பர்ர்' என்று ஒரு சத்தம் வந்தால் அதற்குப் பிறகு எந்த மகா நடிகனாலும் அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்த முடியாது.

நாடாவே போதும். பாவாடை நாடாவில் அகலமானதாக, பருத்தியாகக் கேள். அதையும் சதையில் வெறுமனே கட்டாதே. உன் அத்தையின் இடுப்பில் நாற்பது வருஷத்து நாடாத் தழும்பு கறுத்துக் கிடக்கிறது. ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக்கட்டி அந்த இடம் புண்ணாகி ஆபத்தாகிற பெண்களும் உண்டென்று டாக்டர்கள் எழுதுகிறார்கள். நீ கட்டப்போவது ஒரு ராத்திரிதான். ஆனால் ஒத்திகையையும் சேர்த்துக்கொள்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். பட்டுத்தான். இருபத்திரண்டு வயதில் இங்கே ஒரு பொங்கல் நாடகத்தில் கட்டபொம்மன் வேஷம் கட்டினேன். சர்க்கரை ஆலையில் அரவை நடக்கிற காலம், ஊரெல்லாம் வெல்லப்பாகு வாசனை. எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி மார்க்கவசம் செய்தோம். விளிம்பை மடித்து அடிக்கவில்லை. அது அப்போது யாருக்குத் தோன்றியது? பின்னால் நைலான் கயிற்றால் என் கூட்டாளி நாலு முடிச்சுப் போட்டான், முடிச்சுப் போட்டவன் அடுத்த காட்சியில் வெள்ளைக்காரத் துரை. வரி கேட்டு அவன் வந்து நின்றபோது நான் தலையைக் குனிந்தேன், தகடு கழுத்தில் ஏறிற்று. இரண்டாவது முறை குனிந்தபோது ரத்தம். சனங்கள் கை தட்டினார்கள், தத்ரூபமாக இருக்கிறதாம். காட்சி முடிந்து உள்ளே வந்தால் மூச்சு முட்டுகிறது, கண் இருட்டுகிறது, முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவன் மேடையில் துரையாக நின்று இங்கிலீஷ் பேசிக்கொண்டிருக்கிறான். கடைசியில் டீக்கடைக்காரர் கரும்பு வெட்டுகிற கத்தியால் கயிற்றை அறுத்தார். கர்ணனுக்கும் எனக்கும் அந்த ஒரு ஒற்றுமை உண்டு.

அதனால் சொல்கிறேன். கழுத்து விளிம்பை மடித்துத் துணி சுற்று. ரோமானியச் சிப்பாய்களே கவசத்தின் விளிம்பு அறுக்காமலிருக்கக் கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டார்கள். நம் ஊரில் துண்டுக்கா பஞ்சம்? கீழ் விளிம்பு தொப்புளுக்கு மேலேயே நிற்கட்டும். உன்னுடையது அடிவயிறுவரை தொங்குகிறது, நீ உட்கார்ந்தால் அது எழுந்து உன் தாடையை இடிக்கும். நம்பாவிட்டால் இப்போதே போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார், நான் காத்திருக்கிறேன். கர்ணன் கடைசியில் தேர்ச்சக்கரத்தைத் தூக்கக் குனிய வேண்டியவன், அப்புறம் விழுந்து சாக வேண்டியவன். அதற்குள் கவசம் போயிருக்கும் என்றாலும், ஒத்திகையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஒரு தடவை குனி, படியேறு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கு, தரையில் விழுந்து எழுந்திரு. ஒன்றுக்கும் போய்விட்டு வா. எதைக் கழற்றாமல் போக முடிகிறது, எதைக் கழற்ற வேண்டியிருக்கிறது என்று அப்போது தெரியும். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. பாண்டவர் படைக்கும் அந்தத் தொல்லை இருந்திருக்கும்.

முடிச்சு எல்லாம் முன்பக்கமோ இடது அக்குளுக்குக் கீழேயோ, உன் வலது கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். முதுகில் ஒரு முடிச்சும் கூடாது. கட்டிவிடுகிறவன் மேடை ஏறாதவனாக இருக்க வேண்டும். அவன் சட்டைப்பையில் ஒரு கத்தரிக்கோல் இருக்கட்டும். வெயில் காலத்தில் யோகா பாய்க்குள் இருக்கிற உடம்பு எப்போது மயங்கும் என்று சொல்ல முடியாது. காட்சிக்குக் காட்சி தண்ணீர் குடி, உப்புப் போட்ட மோர் இன்னும் நல்லது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உன் நாடகத்தின் முக்கியமான காட்சிக்கு வருகிறேன், நீ ஏனோ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இந்திரன் கிழப் பிராமணனாக வந்து கவச குண்டலத்தைக் கேட்கப்போகிறான். நீ எல்லார் கண்முன்னாலும் கவசத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் உடம்பிலேயே முளைத்த மாதிரி நிற்க வேண்டிய பொருள், அந்த ஒரு நிமிஷத்தில் சொன்னபடி கையோடு வர வேண்டும். பசை போட்டிருந்தால் இந்திரன் நாளை வரட்டும் என்று சொல்லியிருப்பாய்.

இதற்கு நான் நேற்றுப் பகலெல்லாம் யோசித்தேன். சுவரில் காலண்டர் தொங்குவதைப் பார்த்தபோது பிடிபட்டது. பனியனின் தோள் மெத்தையில், இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைந்த கொக்கி ஒவ்வொன்று தைத்துவிடுவோம், ரவிக்கைக் கொக்கி போதாது, கூடாரத் துணிக்குப் போடுகிற பெரிது வேண்டும். கவசத்தின் உள்பக்கம் இரண்டு வார் வளையம். காலண்டரை ஆணியில் மாட்டுகிற மாதிரி கவசம் கொக்கியில் உட்காரும். கீழே துள்ளாமல் இருக்க விலாவுக்கு இரண்டு பக்கமும் நாடா. அவை முதுகுப் பக்கம் உத்தரீயத்துக்குள் குறுக்காகப் போய்ச் சுற்றி வந்து இடது அக்குளுக்குக் கீழே பூ முடிச்சாக முடியட்டும், ஒரு நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. அந்த நுனியில் சின்னப் பாசிமணி ஒன்று கோத்துவிட்டால் விரல் இருட்டிலும் தேடிக்கொள்ளும். இப்போது பார். நீ இடுப்பிலிருந்து கத்தியை உருவுகிறாய், இடது விலாவுக்குக் கொண்டுபோகிறாய், சனங்களின் கண் முழுக்கக் கத்தியில் இருக்கிறது. கத்தி பிடித்த கையின் சுண்டுவிரல் மணியை இழுக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கவசத்தை இரண்டு விரல் மேலே தூக்குகிறாய், கொக்கி விட்டுவிடும், கவசம் உன் கையில். உள்ளே பனியனில் முன்கூட்டியே தடவி வைத்த குங்குமக் குழம்பு அப்போதுதான் வெளியே தெரியும். குண்டலம் கிளிப்பாகவே இருக்கட்டும், காதைக் கிழித்துக்கொள்ளாதே.

இந்திரன் வேஷம் கட்டுகிறவனிடம் மட்டும் சொல்லி வை, கவசத்தை வாங்கியதும் திருப்பிப் பார்க்கக் கூடாது. உள்ளே வாரும் வாஷரும் ரெக்ஸினுமாக இருக்கும். தேவேந்திரன் அதை ஆராய ஆரம்பித்தால் அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு வா. பண்ருட்டியில் இறங்கி மாறி ஏறும்போது கவசத்தைப் போட்டுக்கொண்டு ஏறாதே, பையில் போட்டுக்கொண்டு வா. அகல நாடா பத்து மீட்டர், பனியன் இரண்டு, கொக்கி நாலு. வேலை இடத்தில் கழித்துப் போட்ட ஹெல்மெட் இருந்தால் கேட்டுவிட்டு அதன் உள்பட்டையையும் எடுத்து வா. உன் அத்தை தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாள், மத்தியானத்துக்குப் பலாக்கொட்டைக் குழம்பு. பசை டியூப் இருந்தால் உன் கூட்டாளி எவனுக்காவது கொடுத்துவிட்டு வா.

அன்புடன்,
மாமா